ஐபி முகவரி பற்றவில்லையா? நெட்வொர்க் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை. அலுவலகத்தில் ஆளும் கூடிவிட்டது, கருவியும் கூடிவிட்டது, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தேவைப்படும் எண்ணான ஐபி முகவரி மட்டும் பற்றவில்லை. ஆளுக்கு ஒரு கணினி என்று கணக்குப் போட்ட காலத்தில் அமைத்த நெட்வொர்க்கில் இன்று போன், டேப்லெட், கேமரா, வருகைப் பதிவு இயந்திரம் எல்லாம் ஏறியிருக்கின்றன. ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு மேல் வருகிறவர்களின் லேப்டாப்பில் வைஃபை இணைகிறது, ஆனால் இன்டர்நெட் வருவதில்லை. ஐபி 169.254 என்று தொடங்குகிறது. ரவுட்டர் வாங்கிய கடையில், “இன்னொரு ரவுட்டர் வாங்கி அதே ஸ்விட்ச்சில் செருகிவிடுங்கள்” என்கிறார்கள். செய்யலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். முதலில் நோயைப் பார்ப்போம். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடம் (உங்களிடம் அது ரவுட்டர்தான்) முகவரி கேட்டுப் பதில் வராவிட்டால் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்வதுதான் 169.254. சர்வர் எட்டாமல் போயிருக்கலாம், அல்லது அதன் கையிருப்பு தீர்ந்திருக்கலாம். சீக்கிரம் வந்தவர்களுக்குக் கிடைத்து, பிந்தி வந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் கையிருப்புதான் தீர்ந்திருக்கிறது.

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் டிஎச்சிபி பகுதியைத் திறந்து தொடக்க முகவரி, முடிவு முகவரி இரண்டையும் பாருங்கள். சிறிய ரவுட்டர்கள் பலவற்றில் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரைதான் இருக்கும். மொத்தமே நூறு. வாங்கிய நாளில் இருந்த அமைப்பை அதன்பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் 254 கருவிகளுக்கு இடம் உண்டு. பூலை, அதாவது டிஎச்சிபி கொடுக்கக்கூடிய முகவரிகளின் தொகுப்பை, 192.168.1.30 முதல் 192.168.1.249 வரை நீட்டினால் செலவே இல்லாமல் 220 முகவரி கிடைக்கும். 2 முதல் 29 வரையிலான எண்களை பிரிண்டர், என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) போன்ற நிலையான முகவரிக் கருவிகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். நீட்டுவதற்கு முன், புதிதாகச் சேரும் எண்களில் ஏதாவது கருவி கையால் போட்ட முகவரியோடு உட்கார்ந்திருக்கிறதா என்று பிங் செய்து பாருங்கள். 192.168.1.60-ல் ஒரு பழைய பிரிண்டர் இருந்து, அதே எண்ணை ரவுட்டர் ஒரு போனுக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறி அறுபடும்.

அடுத்தது லீஸ் நேரம், அதாவது கொடுத்த முகவரி ஒரு கருவியிடம் எவ்வளவு காலம் இருக்கலாம் என்ற கெடு. அது நீளமாக இருந்தால், நேற்று வந்து போன விருந்தினரின் போன் இன்றும் ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு வேறு மேக் முகவரியை (டிஎச்சிபி ஒரு கருவியை அடையாளம் காணும் எண்) காட்டுகின்றன. உங்கள் அலுவலகத்தில் இரண்டு வைஃபை பெயர்கள் இருந்து, இரண்டும் ஒரே பூலில் கைவைத்தால், ஒரே போன் இரண்டு முகவரியை எடுத்துக்கொள்ளும்.

கடைக்காரர் சொன்ன இரண்டாவது ரவுட்டரை லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டில் செருகினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் ஆகிவிடும். எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரிதான் கருவிக்கு. வான் (இன்டர்நெட் வரும் பக்கத்து) போர்ட்டில் செருகினால் இன்டர்நெட் என்னவோ வரும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் பிரிண்டரையும் பகிர்ந்த ஃபோல்டரையும் முன்னால் இருப்பவர்கள் எட்ட முடியாது.

கேள்வி: பூலை முழுக்க நீட்டியும் பற்றவில்லை. 300 கருவிகள் இருக்கின்றன. மாஸ்க்கை 255.255.254.0 என்று மாற்றினால் இரட்டிப்பாகும் என்று படித்தேன். மாற்றிவிட்டு ஒரு கணினிக்கு 192.168.2.10 கொடுத்தால் எதையும் எட்டவில்லை. நம் ரவுட்டர் 192.168.1.1. எங்கே தவறு?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மாஸ்க் சரி, பக்கம்தான் தவறு. 255.255.254.0-வின் சுருக்கக் குறியான /23 என்பது எப்போதும் மூன்றாம் எண் இரட்டைப்படையாக இருக்கும் இடத்தில்தான் தொடங்கும். 0-வும் 1-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. 192.168.1.1-க்கு ஜோடி 192.168.0-தான், 192.168.2 அல்ல. ஆகவே உங்கள் புதிய எல்லை 192.168.0.1 முதல் 192.168.1.254 வரை, மொத்தம் 510. ஒன்றும் இரண்டும் ஒரே சப்நெட்டில் வேண்டுமானால் /22 போட வேண்டும். அது 192.168.0 முதல் 192.168.3 வரை பிடிக்கும், 1022 கருவிகளுக்கு இடம். 300-க்கு அது தேவையில்லை.

மாற்றும் முன் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம் தானும் ரவுட்டராக இயங்கி, உங்கள் ரவுட்டரின் வான் பக்கத்துக்கு 192.168.0.x கொடுத்துக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் லேனை 192.168.0.0/23 ஆக்கியதும் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். சில ரவுட்டர்கள் சேமிக்கவே மறுக்கும். மற்றவை சேமித்துவிட்டு இன்டர்நெட்டை நிறுத்திவிடும். மோடத்தை, ரவுட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள், அல்லது அதன் உள் முகவரியை 192.168.100.1 போல வேறு எங்காவது தள்ளுங்கள்.

இனி வரிசை. எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புரட்டிப்போட வேண்டியதில்லை. முதலில் ரவுட்டரின் லேன் மாஸ்க்கை மட்டும் 255.255.254.0 ஆக்குங்கள். பூல் பழையபடி 192.168.1-க்குள்ளேயே இருக்கட்டும். டிஎச்சிபியில் முகவரி வாங்கும் கருவிகள் லீஸ் புதுப்பிக்கும்போது புதிய மாஸ்க்கைத் தாமாக வாங்கிக்கொள்ளும். எல்லாரும் இன்னும் 192.168.1-ல் இருப்பதால் பழைய மாஸ்க் உள்ளவரும் புதிய மாஸ்க் உள்ளவரும் ஒருவரையொருவர் நேரடியாக எட்டுவார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி இரண்டு மாஸ்க்குக்குமே 192.168.1.255-தான். ஆக இந்த நிலையில் எதுவும் அறுபடாது, ஒரு வாரம்கூட இப்படியே விட்டுவைக்கலாம்.

அந்த வாரத்தில் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையான வேலை: கையால் முகவரி போட்ட கருவிகளைத் தேடிப் பிடிப்பது. பிரிண்டர், என்விஆர், கேமரா, பயோமெட்ரிக் இயந்திரம், வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட், நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச், ஐபி பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்), டேலி (கணக்கு மென்பொருள்) சர்வர். மாஸ்க் என்பது ரவுட்டரில் மட்டும் இருப்பதல்ல, ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பது. ஒன்றொன்றாகத் திறந்து மாற்றுங்கள், கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள்.

ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 192.168.0.77-ல் இருக்கும் கணினி 192.168.1.50 பிரிண்டரை நேரடியாகக் கூப்பிடும். பிரிண்டரின் மாஸ்க் பழையது என்றால் அதன் கணக்கில் 0.77 வெளி நெட்வொர்க், எனவே பதிலை கேட்வேக்கு அனுப்பும். சாதாரண ரவுட்டர் அதை வாங்கி அப்படியே திருப்பிவிடும், அச்சாகிவிடும். ஃபயர்வால் உள்ள ரவுட்டரோ, தொடக்கப் பாக்கெட்டையே பார்க்காத இணைப்புக்குப் பதில் மட்டும் வருவதைக் கண்டு தூக்கி எறிந்துவிடும். பிரிண்டரில் கேட்வேயே போடவில்லை என்றால் பதில் கிளம்பவே கிளம்பாது. வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: ஒரு மேசையில் அச்சாகிறது, பக்கத்து மேசையில் ஆகவில்லை. பிரிண்டர் டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்டு நாளைக் கழிப்பது இந்த இடத்தில்தான்.

கடைசியாக பூலைத் திறங்கள். 192.168.0.20 முதல் 192.168.1.249 வரை என்று நீட்டினால் நடுவில் உங்கள் நிலையான முகவரிகள், 1.1 முதல் 1.29 வரை, பூலுக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே 192.168.0.255 முதல் 192.168.1.29 வரை விலக்கு போடுங்கள். 192.168.0.255-ம் 192.168.1.0-வும் /23-ல் சட்டப்படி செல்லும் முகவரிகள்தான். ஆனால் கடைசி எண் 255 அல்லது 0 என்றாலே முகம் சுளிக்கும் பழைய கருவிகளும் மென்பொருள்களும் இன்னும் உண்டு, அந்த இரண்டையும் இதே விலக்கு மூடிவிடும். மிஞ்சுவது 455. விலக்கு வசதி இல்லாத ரவுட்டர் என்றால் நிலையான கருவிகளை 192.168.1.200-க்கு மேல் நகர்த்திவிட்டு, பூலை 192.168.1.199-ல் நிறுத்துங்கள். மாஸ்க்கையே மாற்றவிடாத மலிவு ரவுட்டர்களும் உண்டு. அதற்கு வேறு ரவுட்டர் வாங்குவதுதான் வழி.

இன்னும் ஒன்று. பழைய எல்லையை 192.168.1.0/24 என்று எங்கெங்கே எழுதி வைத்தீர்களோ அங்கெல்லாம் திருத்த வேண்டும்: ஃபயர்வால் விதி, கிளை அலுவலகத்தை இன்டர்நெட் வழியே இணைக்கும் விபிஎன், தரவுத்தள சர்வரின் அனுமதிப் பட்டியல். விபிஎன்னில் இரு முனையிலும் ஒரே மாதிரி எழுதாவிட்டால் அந்த இணைப்பு (சுரங்கம்) எழும்பாது, அல்லது 0.x-ல் இருப்பவர்களுக்கு மட்டும் கிளை எட்டாது.

கேள்வி: எங்களிடம் டிஎச்சிபி விண்டோஸ் சர்வரில் ஓடுகிறது. ஸ்கோப்பின் (ஒரு சப்நெட்டுக்கான பூலும் அமைப்புகளும்) பண்புகளில் முடிவு முகவரியை மாற்ற முடிகிறது, மாஸ்க்கை மாற்றும் பெட்டி செயலற்று மங்கலாக இருக்கிறது.
– மதுரை வாசகர்

பதில்: அப்படித்தான் இருக்கும். விண்டோஸில் ஸ்கோப் உருவான பிறகு அதன் மாஸ்க்கை மாற்ற முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். முதலில் முழு டிஎச்சிபி தரவையும் பேக்கப் எடுங்கள். பிறகு நெட்ஷெல் (netsh) கட்டளையால் அந்த ஸ்கோப்பை உரைக் கோப்பாக இறக்கி, அதில் ஸ்கோப்பின் பெயராக இருக்கும் 192.168.1.0-வை 192.168.0.0 என்றும், மாஸ்க்கை 255.255.254.0 என்றும் திருத்தி, பழைய ஸ்கோப்பை நீக்கிவிட்டு அதே கோப்பை ஏற்றலாம். ரிசர்வேஷன்களை (குறிப்பிட்ட கருவிக்கென ஒதுக்கிய முகவரிகள்) திரும்ப ஒவ்வொன்றாக அடிக்கும் வேலை மிச்சம்.

புது ஸ்கோப்புக்கு யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்று தெரியாது. பயன்பாட்டில் உள்ள முகவரியையே இன்னொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். ஐபிவி4 பண்புகளில் உயர்நிலைப் பகுதியில் மோதல் சோதனை எண்ணிக்கையை 1 அல்லது 2 என்று வையுங்கள், கொடுப்பதற்கு முன் சர்வர் பிங் செய்து பார்க்கும். ஆனால் பல விண்டோஸ் கணினிகளின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை என்பதால் இதை முழுதாக நம்ப வேண்டாம். கணினிகள் அணைந்திருக்கும் விடுமுறை நாளில் செய்வதே பத்திரம். எல்லாம் நிலைபெற்றதும் அந்த எண்ணிக்கையைத் திரும்ப 0 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் முகவரி கொடுப்பது தாமதமாகும்.

சூப்பர்ஸ்கோப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது ஒரே கம்பியில் இரண்டு சப்நெட்டுகளை ஓட்டும் ஏற்பாடு. ரவுட்டருக்கும் இரண்டாவது முகவரி போட வேண்டும். பக்கத்துப் பக்கத்து மேசைகள் பேசிக்கொள்வதும் ரவுட்டர் வழியாகத்தான் போகும். தற்காலிகமாக ஒட்டுப்போட உதவுமே தவிர, நிரந்தரமாக வைத்திருக்கத் தக்கதல்ல.

கேள்வி: மூன்று மாடி. ஊழியர் 120 பேர், கேமரா 60, தினமும் வந்து போகிறவர்கள் கணிசம். மாஸ்க்கைப் பெரிதாக்குவதா, விலான் போட்டுப் பிரிப்பதா?
– சென்னை வாசகர்

பதில்: பிரிக்கத்தான் சொல்வோம். விலான் என்பது ஒரே ஸ்விட்ச், ஒரே கம்பிகளுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளை அமைக்கும் முறை. முகவரி மட்டுமே பிரச்சினை என்றால் /23 போதும். ஆனால் வந்து போகிறவரின் போனும் உங்கள் கணக்குச் சர்வரும் கேமராவும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது முகவரிப் பஞ்சத்தைவிடப் பெரிய தலைவலி.

ஒரு திட்டம்: ஊழியர்களின் கணினிகளுக்கு 10.20.10.0/24, 254 இடம். ஊழியர் போன்களும் விருந்தினரும் 10.20.20.0/23-ல், 510 இடம். கேமராவும் என்விஆரும் 10.20.30.0/25-ல், 126. பிரிண்டர், வருகைப் பதிவு இயந்திரம் 10.20.40.0/26-ல், 62. ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் நிர்வாகத்துக்கு 10.20.99.0/26. விலான் எண்ணை மூன்றாம் எண்ணோடு ஒத்து 10, 20, 30, 40, 99 என்றே வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் வேறு ஆளுக்கும் பார்த்தவுடன் புரியும்.

கேமராவையும் என்விஆரையும் தனித்தனி விலானில் போடாதீர்கள். 60 கேமராக்களின் பதிவு இரவும் பகலும் ரவுட்டர் வழியே ஏறி இறங்கும், சிறிய ரவுட்டரின் மூச்சு அதிலேயே போய்விடும்.

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் எல்லா மாடியிலும் வேண்டும். மேசைக்குப் போகும் போர்ட் ஆக்சஸ் போர்ட் (ஒரே விலான்), ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போவதும் ஆக்சஸ் பாயின்டுக்குப் போவதும் டிரங்க் (பல விலான்கள்). புது விலான் சேர்த்ததும் முதல் மாடியில் முகவரி கிடைக்கிறது, மூன்றாவது மாடியில் கிடைக்கவில்லை என்றால், பத்தில் ஒன்பது முறை நடு ஸ்விட்ச்சின் டிரங்கில் அந்த விலான் எண்ணைச் சேர்க்க மறந்திருப்பார்கள். மிச்சம் ஒரு முறை, யாரோ மேசைக்கடியில் செருகி வைத்த எட்டு போர்ட் சாதா ஸ்விட்ச்.

டிஎச்சிபி ஒரே சர்வரிலிருந்து கொடுப்பதானால் ரிலே வேண்டும். கருவி முதலில் அனுப்புவது பிராட்காஸ்ட். அது விலானைத் தாண்டாது. ஒவ்வொரு விலானின் கேட்வேயிலும் ரிலே வைத்தால், அது கோரிக்கையில் தன் முகவரியை எழுதி சர்வருக்கு அனுப்பும். சர்வர் அந்த முகவரியைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்யும். ரிலே சரி, ஸ்கோப் சரி, ஆனாலும் முகவரி வரவில்லையா? சர்வரிலிருந்து அந்த விலானின் கேட்வேயை பிங் செய்து பாருங்கள். திரும்பிப் போகும் வழி தெரியாத சர்வர் பதிலை வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருக்கும்.

பிரித்த மறுநாள் இரண்டு புகார்கள் கட்டாயம் வரும். “பிரிண்டர் காணவில்லை” என்பது ஒன்று. தானாகப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் முறைகள் விலானைத் தாண்டுவதில்லை, பிரிண்டரை அதன் ஐபி முகவரி போட்டுச் சேர்த்தால் தீரும். “பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லை, ரவுட்டரில் எல்லாம் திறந்துதான் இருக்கிறது” என்பது மற்றது. அலுவலக டொமைனில் (மைய நிர்வாகத்தில்) சேராத விண்டோஸ் கணினியின் ஃபயர்வாலில், கோப்புப் பகிர்வு விதி உள்ளூர் சப்நெட்டுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கும். நேற்றுவரை எல்லாரும் உள்ளூர், இன்று வெளியூர். அந்த விதியில் 10.20.10.0/24 போன்ற உங்கள் சப்நெட்டுகளைச் சேருங்கள், ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். டேலி பலர் பயன்படுத்தும் முறையில் இருந்தால் அதன் லைசென்ஸ் சர்வர் போர்ட்டையும், வழக்கமாக 9999, விலான்களுக்கிடையே அனுமதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: லீஸ் நேரம் எவ்வளவு வைக்கலாம்?
– சேலம் வாசகர்

பதில்: ஒரே இடத்தில் இருக்கும் கணினிகளுக்கு விண்டோஸ் சர்வர் இயல்பாக வைக்கும் 8 நாளே போதும். ஊழியர் போன்களுக்கு 8 மணி, விருந்தினருக்கு 1 முதல் 2 மணி நேரம். கருவி, லீஸில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும். கிடைக்காவிட்டால் 87.5 சதவீதத்தில் எந்தச் சர்வரானாலும் சரி என்று எல்லாரிடமும் கேட்கும். 8 மணி லீஸ் என்றால் 4-ம் மணியிலும் 7-ம் மணியிலும். அதனால்தான் ஒரு மணி லீஸ் வைத்த இடத்தில் சர்வர் ஒரு மணி நேரம் படுத்தாலே எல்லாருக்கும் அறுந்துவிடும்.

மாஸ்க் மாற்றவோ சப்நெட் பிரிக்கவோ போகிறீர்கள் என்றால் லீஸை முன்கூட்டியே குறையுங்கள். 8 நாள் லீஸ் வாங்கி, அணைக்காமலே ஓடும் கணினி 4 நாள் கழித்துத்தான் திரும்பக் கேட்கும், குறைத்த செய்தி அப்போதுதான் அதற்குத் தெரியும். எனவே குறைந்தது ஐந்து நாள் முன்னால்.

கேள்வி: சில நாள் சிலருக்கு மட்டும் சம்பந்தமே இல்லாத 192.168.0.x முகவரி வருகிறது. நமது நெட்வொர்க் 10-ல் தொடங்குவது.
– ஈரோடு வாசகர்

பதில்: யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளையை (ipconfig /all) ‘ஆல்’ சேர்த்து ஓட்டினால் டிஎச்சிபி சர்வர் யார் என்று ஒரு வரி வரும். அந்த முகவரியை பிங் செய்து, ஐபியையும் மேக்கையும் இணைத்துக் காட்டும் ஆர்ப் பட்டியலில் (arp -a) அதன் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சின் மேக் பட்டியலில் அதைத் தேடினால் எந்த போர்ட் என்று காட்டிவிடும். அந்த போர்ட்டை அணைத்தால், ரவுட்டர்காரர் தாமாகவே உங்களிடம் வருவார்.

திரும்ப நடக்காமலிருக்க ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போடுங்கள். நம்பத்தக்கது என்று குறிக்காத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதிலை அது தடுத்துவிடும். உண்மையான சர்வர் இருக்கும் போர்ட்டையும், ஸ்விட்ச்சுகளை இணைக்கும் டிரங்குகளில் சர்வரை நோக்கிப் போகும் பக்கத்தையும் நம்பத்தக்கவை என்று குறிக்க மறந்தால் அந்த மாடி முழுவதற்கும் முகவரி நின்றுவிடும். எனவே குறித்த பிறகே ஸ்னூப்பிங்கை இயக்குங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து விபிஎன் இணைகிறது, ஆனால் அலுவலகச் சர்வர் 192.168.1.10 திறப்பதில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் திறக்கிறது.
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: உங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1.x-ல்தான் இருக்கும். 1.10 வீட்டுக்குள்ளேயே இருப்பதாகக் கணினி நினைத்து அங்கேயே தேடுகிறது. வீட்டு ரவுட்டரின் லேனை 192.168.57.1 போல மாற்றினால் இன்றைக்குத் தீரும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் நாற்பது பேர் என்றால் அலுவலகத்தைத்தான் நகர்த்த வேண்டும். தனியார் பயன்பாட்டுக்கு 1996-லேயே ஒதுக்கப்பட்டவை மூன்று: 10-ல் தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 முழுவதும். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0, 192.168.1 இரண்டிலும் குந்தியிருக்கும். 10.0.0-வும் 10.1.1-ம் பலர் கை வைக்கும் இடம். டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) ஓடும் சர்வர் இருந்தால் 172.17-ஐ விட்டுவிடுங்கள், அது டாக்கர் இயல்பாக எடுத்துக்கொள்வது. 10.73.0.0 போல யாரும் நினைக்காத எண்ணாகப் பிடித்து, கிளைக்கு ஒரு /20 என்று ஒதுக்கி எழுதி வையுங்கள்: முதல் கிளை 10.73.0.0, அடுத்தது 10.73.16.0, அதற்கடுத்தது 10.73.32.0. ஒரு கிளைக்குள் பதினாறு /24 அடங்கும்.